வெள்ளச் சேதமும் கைபேசிப் படமும்



2011 டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய 'தானே' புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் கடலூர் மாவட்டத்தார் எளிதில் மறவார். கொள்ளிடம் பெருகும்போது சிதம்பரம் வட்டாரம் படும் பாடும் நாம் அறிந்ததே. நீர் வடிந்தபின், பயிர் எத்தனை அடி மூழ்கிக் கிடந்தது என்பதற்குச் சாட்சி ஏது? அச்சாட்சி இன்று நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆயினும் கல்யாண வீட்டில் எடுப்பதுபோல் எடுத்தால் பயனில்லை.

முதலில் காமிராக் கண்ணாடியைத் துடைத்தல் வேண்டும். பின்னர், இடத்தைப் பதியும் 'லொக்கேஷன்' வசதியை இயக்கி, மதகோ கோயிலோ தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படம். அருகே சென்று, நீரில் நட்ட அளவுகோலுடன் மற்றொன்று. பிள்ளைகளின் சிலேட்டில் சர்வே எண்ணை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். விரலால் பெரிதாக்கி எடுத்தால் படம் தெளிவிழக்கும். நடந்து கிட்டச் செல்வதே மேல். நீரோட்டம் வலுத்திருந்தால் அதுவும் வேண்டா.

நாம் செய்யும் பெருந்தவறு வேறொன்று. வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பிவிட்டு, கைபேசியில் இடமில்லையென்று மூலப் படத்தை அழித்துவிடுகிறோம். அவ்வாறு அனுப்பினால் படம் சுருங்குகிறது. அதனுள் பதிந்த இடக்குறிப்பும் உதிர்ந்துபோகிறது. 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் இரண்டும் நிலைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்புக்குப் படம் ஈடாகாது, துணையே ஆகும். எனவே நிவாரணம் கைக்கு வரும்வரை மூலப் படத்தை அழிக்கலாகாது.