ஒருபக்கத் தலைவலி: அஞ்ச வேண்டாததும் காத்திருக்கக் கூடாததும்

(கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையும் உரமும் கால்வாயும் பேசப்படும் இம்மன்றத்தில் தலைவலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். தலையின் ஒரு பக்கத்தில் திடீரென வலி எழுந்தால் நம்மவருள் ஒரு சாரார், மூளையில் கட்டியோ என்று அஞ்சி உறக்கத்தை இழக்கின்றனர். மற்றொரு சாரார் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு, "விடியட்டும், பார்க்கலாம்" என்று படுத்துவிடுகின்றனர். முன்னவர் அச்சம் பெரும்பாலும் வீண். பின்னவருள் சிலரோ, மீட்க முடியாத நேரத்தை இழந்துவிடுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறியும் வகையையே இன்று கூற விரும்புகிறேன்.

ஒருபக்கத் தலைவலிக்குப் பெரிதும் காரணமாவது ஒற்றைத் தலைவலி என்னும் நோய். மலையாளத்தில் இதனைச் சென்னிக்குத்து என்பர். துடித்துத் துடித்து வலிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்காது. 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. துன்பம் தருமேயன்றி உயிருக்குத் தீங்கு செய்வது அரிது.

பட்டினி, உறக்கக் குறைவு, கடும் வெயில் ஆகியவை இதனைத் தூண்டும். கும்பப்பூ அறுவடைக் காலத்தில் காலையுணவின்றி வயலில் இறங்கி உச்சிவேளை வரை வெயிலில் நிற்போர் இதனை மனத்திற் கொள்க. வேளைக்கு உணவும் போதிய நீரும் தலைக்கு ஒரு துண்டும் நல்ல காப்பாகும். அடிக்கடி வருமாயின் வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. கடையில் தாமே மாத்திரை வாங்கி மாதத்தில் 10, 15 நாட்கள் விழுங்கி வந்தால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். பல், கண், மூக்கையடுத்த எலும்பறைகள், கழுத்து ஆகியவற்றின் கோளாறுகளாலும் ஒருபக்கம் வலிக்கலாம்.

இனி, காத்திருக்கக் கூடாத அடையாளங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டும் வலி. மூளையைச் சூழ்ந்த இரத்தக்குழாய் வெடித்திருக்கலாம்.

இரண்டாவது, வலியுடன் வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம். பக்கவாதம் இரத்தக் கட்டியால் வந்ததாயின், அதனைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கத்திலிருந்து நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

மூன்றாவது, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு. இது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

நான்காவது, கண் சிவந்து பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுதல். இது கண்ணழுத்த நோயின் குறி. தாமதித்தால் பார்வை போகும்.

ஐந்தாவது, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் வலி. மெல்லும்போது தாடையும் நோகுமாயின், நெற்றிப்பொட்டின் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். இதனாலும் பார்வை கெடும்.

ஆறாவது, கருவுற்ற தாய்மார்க்கும் அண்மையில் பிள்ளை பெற்றவர்க்கும் வரும் கடும் தலைவலி.

ஏழாவது, தலையில் அடிபட்ட பின் வரும் வலி. தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர்க்கு உடனே வரலாம். முதியோர்க்குச் சிறு அடியாலும் இரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

நம் மாவட்டம் வர்மக் கலைக்குப் பேர்பெற்றது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று வகுத்த ஆசான்மார்பால் மக்களுக்கு மிக்க மதிப்புண்டு. ஆயினும், மேற்கூறிய அடையாளங்களுள் ஒன்று காணப்படின் தடவலுக்கும் பற்றுக்கும் அது நேரமன்று. சவரக்கடையிலோ வேறெங்கோ கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதையும் விட்டொழிக்க வேண்டும். கழுத்தின் இரத்தக்குழாய் உட்புறம் கிழிந்து, ஒருபக்க வலியும் பக்கவாதமும் அதனால் நேர்வதுண்டு.

"தலை வலிக்கவில்லை, ஆகவே எனக்கு இரத்த அழுத்தம் இல்லை" என்று கூறுவோர் உளர். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியேயின்றி இருந்து, ஒருநாள் மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்குகிறது. 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் அழுத்தத்திற்கான மருந்து இல்லத்திற்கே வருகிறது. அதனை இடைவிடாது உட்கொள்ள வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தக்கலையில் அரசு மருத்துவமனையும் உள்ளன. பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள மலைக் குடியிருப்பிலிருந்து ஆசாரிபள்ளம் செல்லப் பிடிக்கும் நேரமும், நாகர்கோவிலை அடுத்த ஊரிலிருந்து செல்லப் பிடிக்கும் நேரமும் ஒன்றல்ல. உங்கள் வார்டிலிருந்து எவ்வளவு நேரமாகும், இரவில் எந்த வண்டி கிடைக்கும் என்பதை முன்னதாகவே அறிந்து வையுங்கள். 108 என்னும் எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள். வலி தொடங்கிய மணியைக் குறித்து மருத்துவரிடம் கூறுங்கள். மயங்கியவர் வாயில் நீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். இரத்தக் கசிவாயின் கேடு மிகுமாதலால், ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாகக் கொடுக்காதீர்கள்.

மடை உடைந்த இரவில் எவரும் விடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மண்வெட்டியுடன் அப்போதே ஓடுகிறோம். பயிருக்குக் காட்டும் அந்த விரைவை உயிருக்கும் காட்டுவோமாக.