அயர்லாந்தின் ஆதி இதிகாசங்களில் வீரரும் தெய்வங்களும்



ஐரோப்பிய இதிகாசம் என்றதும் ஹோமரின் பெயரே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அயர்லாந்திலும் தெய்வங்களும் வீரரும் உலவும் பழைய கதைத் தொகுதிகள் உண்டு. ஆய்வாளர் இவற்றை நான்கு வட்டங்களாக வகுப்பர்: தெய்வங்கள் பற்றியவை, அல்ஸ்ரர் வீரர் பற்றியவை, ஃபின் என்ற தலைவனின் கூட்டத்தார் பற்றியவை, மன்னர் பற்றியவை.

தெய்வ குலத்தார் 'டூவாஹா டே டனான்' எனப்படுவர். வற்றாத கொப்பரையை உடைய டக்டா, பல கலைகளிலும் வல்ல லூ, போர்க்களத்தில் காக உருவில் தோன்றும் மொறிகன் ஆகியோர் இவர்களுட் சிலர். இக்கதைகளை ஏட்டில் எழுதியோர் கிறிஸ்தவத் துறவிமடங்களைச் சார்ந்தோர். ஆதலால், பல இடங்களில் இத்தெய்வங்கள் மாயவித்தை கற்ற பழங்குடியினராகவே சித்திரிக்கப்படுகின்றனர்.

அல்ஸ்ரர் வட்டத்தின் தலையாய கதை, கூலி நாட்டு நிரைகவர்தலைக் கூறும் 'டோயின் போ கூலி' ஆகும். கொனாக்ற் நாட்டு அரசி மேவ், கணவனின் செல்வத்துக்கு ஈடாகக் கபில நிறக் காளையொன்றைப் பெறப் படையெடுக்கிறாள். அல்ஸ்ரர் வீரரோ பிரசவ வேதனையுற்றுக் கிடக்கின்றனர். கர்ப்பிணியான மாஹாவை அரசனின் குதிரைகளோடு போட்டியிட்டு ஓடவைத்தமைக்கு அவள் இட்ட சாபம் அது. எல்லையைக் காக்க எஞ்சுபவன் 17 வயதுக் கூகுலின் ஒருவனே.

கூகுலின், லூவின் மகன். காயமுற்றுச் சோர்ந்த மகனை லூ மூன்று நாள் உறங்கவைத்துப் புண்களை ஆற்றுகிறான். அந்த மூன்று நாளுக்குள் அல்ஸ்ரர் சிறுவர் 150 பேர் மேவின் படையை எதிர்த்து மடிந்துவிடுகின்றனர். தெய்வத்தின் அருளுக்கும் விலை உண்டென்பதைக் கதைஞர் மறைக்கவில்லை.

அடுத்து எதிர்வருபவன் பெர்டியா. இருவரும் ஒரே பெண் ஆசானிடம் போர்க்கலை பயின்ற உயிர்த்தோழர். பகலில் ஆற்றுத்துறையில் பொருதுகின்றனர். மாலையில் ஒருவர்க்கொருவர் மருந்தும் உணவும் அனுப்புகின்றனர். நான்காம் நாள் பெர்டியா வீழ்கிறான். கூகுலின் அவனைச் சுமந்து கரைசேர்த்துப் புலம்புகிறான். இக்காவியத்தின் உச்சம் இப்புலம்பலே என்பது எனது எண்ணம்.

கூகுலின் என்றால் 'குலனின் நாய்' என்பது பொருள். நாயிறைச்சி உண்பது அவனுக்கு விலக்கு. தரும் உணவை மறுப்பதும் விலக்கு. பகைவர் நாயிறைச்சியையே நீட்டும்போது இரண்டில் ஒன்று முறிந்தாக வேண்டும். வலுவிழந்த அவன், கல்தூணில் தன்னைப் பிணைத்து நின்றபடியே உயிர் துறக்கிறான். 1916ஆம் ஆண்டு எழுச்சியின் நினைவாக டப்ளின் பிரதான தபாலகத்தில் வைக்கப்பட்டுள்ள ஒலிவர் ஷெப்பர்டின் சிலை இக்காட்சியையே காட்டுகிறது. டபிள்யூ. பி. யேற்ஸும் இவனை நாயகனாக்கி நாடகங்கள் எழுதினார்.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லென்ஸ்ரர் நூல்' என்னும் ஏட்டில் இக்கதையின் முடிவில் இரு குறிப்புகள் உள்ளன. ஐரிஷ் மொழிக் குறிப்பு, கதையை மாற்றாமல் மனனம் செய்வோரை வாழ்த்துகிறது. இலத்தீன் குறிப்பு, இதில் பலவற்றைத் தாம் நம்பவில்லை என்கிறது. நம்பாதவற்றையும் சிதைக்காமல் எழுதிவைத்த அந்தக் கைகளாலேயே பெர்டியாவுக்காக அழுத குரல் நம் காதுவரை வந்திருக்கிறது.