ஒளிப்படமும் உழைப்பின் உரிமையும்



சாமல்பட்டியில் பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் இவ்வட்டத்தின் விழாவில், டிஜிட்டல் காலத்தில் ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்வது பற்றிப் பேசப் பணிக்கப்பெற்றேன். கவியரங்கில் கேமராவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஆனால் இரு கலைகளையும் எதிர்கொள்ளும் வினா ஒன்றே: எல்லாரும் செய்கிற ஒன்றுக்கு ஊதியம் எவர் தருவார்?

முன்னாளில் இத்தொழிலைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. படச்சுருளின் விலையும், இருட்டறைப் பயிற்சியும், நெகட்டிவில் பென்சில் கொண்டு செய்யும் நுண்பணியும் அம்மதிலை எழுப்பியிருந்தன. 1960இல் உதகையில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருளும் தாளும் செய்து தந்தது. இன்று அவ்வாலை இயங்கவில்லை. 1975இல் தன் ஆய்வகத்திலேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய கோடாக் நிறுவனம், 2012 சனவரியில் திவால் சட்டத்தின் காப்பை நாடியது. மதில் சரிந்ததில் உள்ளிருந்தோர் பலர் பிழைப்பை இழந்தனர்; வெளியே நிறுத்தப்பெற்றிருந்தோர் சிலர் உள்ளே வந்தனர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்ற தாயின் மகன். 2013இல் கடன்பட்டுத் தம் முதல் கேமராவை வாங்கினார். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் துயரையும் தொடர்ந்து பதிவு செய்தார். 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. இராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் படமாக்கினார். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பெற்றது. கருவி எவருக்கும் கிடைக்கும். ஓரிடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்லும் கால்களும், அங்குள்ளோர் வைக்கும் நம்பிக்கையும் கடையில் கிடைப்பன அல்ல.

எனினும், நம்பிக்கை மட்டும் உலை வைக்காது. உரிமையும் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்துக்குத் தனியே ஒரு காலவரை வகுத்திருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வேற்றுமையை நீக்கியது. இன்று கவிதைக்குப் போலவே ஒளிப்படத்துக்கும், படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் ஒரு முள் இன்னும் உளது. ஒருவர் கேட்டுப் பணம் தந்து எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையேல், பணம் தந்தவரே முதல் உரிமையாளர். கவிதைக்கு இவ்விதி இல்லை. திருமண மண்டபத்திலும் ஓசூர்த் தொழிற்கூடத்திலும் வாய்மொழியை நம்பிப் படமெடுக்கும் நம் இளைஞர், தம் படம் விளம்பரப் பலகையில் ஏறிய பின்னும் கேள்வி கேட்க இயலாது நிற்பது இதனால்தான்.

ஆகவே இத்தொழிலுக்கு வருவோர்க்கு மூன்று சொல்வேன். படம் எங்கே, எத்துணைக் காலம் பயன்படும் என்பதை ஒரு தாளிலேனும் எழுதிக் கையொப்பம் பெறுக. மூலக் கோப்புகளை ஈரிடத்தில் காத்திடுக. திருமணப் பணி சோறு தரும். அதை இழிவென எண்ணற்க. ஆயினும் ஆண்டில் சில நாள்களைத் தமக்கென ஒதுக்கி, இம்மாவட்டத்து மாந்தோப்பையோ கருங்கல் உடைப்போரையோ பல்லாண்டு பின்தொடர்க.

பாவலர்களே, நம் மலர்களின் அட்டையை அணிசெய்யும் படத்துக்கு உரியவர் பெயரை அச்சிடுவோம். இயன்ற ஊதியமும் தருவோம். தம் வரிகள் பெயரின்றி உலவினால் வருந்தும் நாம், பிறர் பார்வையைப் பெயரின்றிப் பயன்படுத்தலாகாது.