ஐஜிஜி பாசிட்டிவ்னா டெங்குவா?

போன நவம்பர், மழை விட்டு ரெண்டு வாரம் இருக்கும். திருவொற்றியூர்ல எங்க வீட்ல தம்பிக்குக் காய்ச்சல். ரெண்டாவது நாளே அம்மா பதறிப்போய் லேபுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரிப்போர்ட்ல ரெண்டே வரி: டெங்கு ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ்.

'பாசிட்டிவ்'னு பார்த்ததும் அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. மாமா, "ஐஜிஎம் நெகட்டிவ்தானே, ஒண்ணுமில்லக்கா"ன்னாரு. ரெண்டு பேருமே தப்பாப் படிச்சிருந்தாங்க. நானும்தான்.

டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டது ஒரே கேள்வி: "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது?" இந்த எபிசோடே அந்தக் கேள்வியைப் பத்திதான்.

நம்ம ஐடி பாஷையில சொல்றேன். என்எஸ்1 என்பது வைரஸோட சொந்தப் புரதம். இப்போ ஓடிட்டு இருக்குற ப்ராசஸ் மாதிரி. முதல் நாள்லேர்ந்து சுமார் அஞ்சு நாள் வரைக்கும் நல்லாத் தெரியும். ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டும் ஆன்டிபாடி, அதாவது நம்ம உடம்பு எழுதுற லாக். ஐஜிஎம் பொதுவா நாலாவது, அஞ்சாவது நாளுக்கு மேலதான் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் ரெண்டு மூணு மாசம்கூட இருக்கும். ஐஜிஜி பல வருஷம் பழைய லாக்.

அதனால ரெண்டாவது நாள் ஐஜிஎம் நெகட்டிவ்னா, 'டெங்கு இல்லை'ன்னு அர்த்தமில்லை. லாக் இன்னும் எழுதப்படலை, அவ்வளவுதான்.

சரி, அந்த ஐஜிஜி பாசிட்டிவ்? 2011-ல சென்னையில 50 இடங்கள்ல, சுமார் ஆயிரம் பேர்கிட்ட ரத்தம் எடுத்து ஒரு ஆய்வு நடந்தது. 93 சதவீதம் பேருக்கு முன்னாடி டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. பெரும்பாலானவங்களுக்கு அது வந்ததே தெரியாது! அதாவது நம்ம ஊர்ல ஐஜிஜி பாசிட்டிவ்ங்கிறது கிட்டத்தட்ட ஆதார் கார்டு மாதிரி.

ஆனா அதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்துபோனவருக்கு வேறொரு வகை வந்தா, நோய் தீவிரமாகுற வாய்ப்பு அதிகம்.

டாக்டர் அன்னைக்கே என்எஸ்1 எடுக்கச் சொன்னாரு. பாசிட்டிவ். பாராசிட்டமால் மட்டும் போதும், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் பக்கமே போகாதீங்கன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு: "காய்ச்சல் குறையும்போதுதான் கவனமா இருக்கணும்."

அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். வீடே நிம்மதியாச்சு. அன்னைக்கு ராத்திரி கடுமையான வயித்துவலி, தொடர்ந்து வாந்தி. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, விடியுற வரைக்கும் காத்திருக்காம ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ட்ரிப்ஸ் ஏத்தி, தட்டணுக்களையும் ஹெமட்டோக்ரிட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. மூணு நாள்ல வீட்டுக்கு வந்துட்டான். 'நெகட்டிவ்'னு மாமா சொன்னதை நம்பித் தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கவே விரும்பலை.

அதனால மக்களே, காய்ச்சல் வந்தா முதல்ல தேதியைப் போன்ல குறிச்சு வைங்க. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. அந்தத் தேதியோட டாக்டர்கிட்ட காட்டுங்க. வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், அசாதாரணமான சோர்வு, இதுல எது வந்தாலும் உடனே கிளம்புங்க.

மொட்டைமாடி ட்ரம்மையும் மூடி வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.