நட்ட கன்றும் நிற்கும் மரமும்: சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் இயற்கைப் பேணல்

1. வழக்கு

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டம், கிராமம், நகரம், காடு நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த நீர் தேயிலை மலைகளிலும் இறப்பர் மலைகளிலும் இறங்கி, களு கங்கையாகவும் களனி கங்கையாகவும் மேற்குக் கரைக்குப் போகிறது. மேலே தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தின் பின்புறத்தில் மண் கரைந்தால் கீழே கடைத்தெருவில் சேறு ஏறும். ஆகவே, இம்மாகாணத்தில் நகர இயற்கையைப் பேணுவது பற்றிய பேச்சு தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

 

கைவிடப்பட்ட தோட்ட நிலத்தில் காட்டை மீட்பது எப்படி, யாரைக் கொண்டு என்பதே கேள்வி. அவையினரில் பலருக்கு இது புதிதன்று. இதையொட்டி எழுந்த சச்சரவும் ஓரளவு தெரிந்ததே. ஒரு கட்சியார் மரநடுகையை நம்புகிறவர்கள். ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, பாடசாலைப் பிள்ளைகளையும் தோட்டத்து இளைஞர்களையும் திரட்டிச் சிரமதானம் நடத்துகிறார்கள். நட்ட கன்றுகள் எண்ணப்படுகின்றன. மறுவருடம் நிற்பவை எண்ணப்படுவதில்லை. மற்றக் கட்சியார், வேலி போட்டு ஆட்களை அப்புறப்படுத்தினால் காடு தானே வரும் என்பவர்கள். முதற்கட்சிக்குத் தோட்டத் தொழிலாளர் குழி வெட்டும் கை. இரண்டாங்கட்சிக்கு விறகு வெட்டும் கை. இரு கட்சியுமே தவறு என்பதுதான் இவ்வுரையின் வாதம். காடு மீள்வது நடுவதால் மட்டும் அன்று, விடுவதாலும் அன்று. நிழலைத் திறந்து பல ஆண்டுகள் பராமரிப்பதால். அந்தப் பராமரிப்பு அருகில் குடியிருப்பவர்களாலன்றி நடக்காது.

2. நிலம் இந்நிலைக்கு வந்த விதம்

1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும், காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனையையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. கோப்பித் தோட்டங்கள் அதன்மேல் எழுந்தன. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலையும், தாழ்வான சரிவுகளில் இறப்பரும் வந்தன. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் ஜோசஃப் ஹூக்கர் தந்த ஆலோசனையின் பேரில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. அந்தத் தடை நுவரெலியாவின் முகடுகளைக் காத்தது. சப்ரகமுவவின் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழே கிடந்ததால், இலங்கைக்கே உரிய மரங்கள் மிகுந்த தாழ்நில ஈரவலயக் காடுதான் கோடாரிக்குத் திறந்து விடப்பட்டது. இந்தத் தடையைப் புகழும்போது, அதற்குக் கீழே நேர்ந்ததை விட்டுவிடக் கூடாது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிருவாகம் போயிற்று. பின்னர் கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் விளைச்சல் குறைந்த மலைகள் கவ்வாத்தும் புல்வெட்டுமின்றிக் காடேறின. காடேறின என்று சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் ஏறியது கெக்கில்லப் பன்னமும் மானாப் புல்லும்தான்.

3. குடாவையின் பைனஸ் நிரல்கள்

வழக்கைத் தீர்க்கும் சான்று இரத்தினபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. கலவானையிலிருந்து வெத்தாகலை வழியாகச் சிங்கராஜ வனத்தின் குடாவை வாயிலுக்குச் செல்லும் பாதையோரத்தில் பைனஸ் நிரல்களாக அது நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் பறவைகளைத் தேடி அதனைக் கடந்து போகிறார்கள்.

சிங்கராஜ, சமூக முயற்சி ஒரு காட்டைக் காத்ததற்கு இலங்கையில் முதலிற் சொல்லப்படும் உதாரணம். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை ஆலைக்காக இயந்திரங்களைக் கொண்டு அங்கே மரம் வெட்டத் தொடங்கினார்கள். தீலோ ஹொஃப்மன் தலைமையில் வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், பல்கலைக்கழகத்தாரும், பத்திரிகைகளும் எதிர்த்து நின்றதில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டு நின்றது. 1978இல் அது உயிர்க்கோள ஒதுக்கமாயிற்று. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. இக்கதையில் வழக்கமாக விடுபடுவது காட்டின் விளிம்பு. சேனை செய்து கைவிட்ட சரிவுகளில், காட்டுக்கும் கிராமத்துக்கும் நடுவே எல்லை காட்டும் வண்ணம், வனத் திணைக்களம் கரிபியன் பைனஸை நிரல் நிரலாக நட்டது. எரிந்த மண்ணிலும் எழுந்து நிற்கும் என்பதே பைனஸின் தகுதி.

பைனஸின்மேல் மலைநாட்டு மக்களுக்கு இருக்கும் வெறுப்பு நியாயமானதே. உதிர்ந்த ஊசியிலை கோடையில் தீப்பிடிக்கும். கால்நடைக்குத் தழை கிடையாது. ஊற்று வற்றுகிறது என்ற முறைப்பாடு எங்கும் உண்டு. இரண்டாங்கட்சியார் இதனை அந்நிய மரம் என்று சபித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க இருவரும், யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும், அவர்களோடு உழைத்தவர்களும் வேறொன்றைக் கேட்டார்கள்: காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் இந்தப் பைனஸ் நிழலுக்குள் காட்டு மரங்கள் ஏன் வரவில்லை?

விடை விதையில் இருந்தது. ஈரவலயக் காட்டின் பெருமரங்களான ஹொர, பெராலிய, தூன் முதலியவற்றின் விதை கனத்தது. சிலவற்றுக்கு இறகு இருந்தாலும், அது சுழன்று தாய்மரத்தின் காலடிக்குச் சற்று அப்பால்தான் விழும். வௌவாலோ பறவையோ அதனை நெடுந்தூரம் சுமப்பதில்லை. அது உறங்கிக் காத்திருக்கும் விதையுமன்று. உதிர்ந்த சில நாட்களில் முளைக்காவிட்டால் செத்துப்போகும். பூப்பதும் ஆண்டுதோறும் இல்லை. சில ஆண்டுகள் இடைவிட்டே பெருவாரியாகப் பூக்கும். ஆகவே, வேலி போட்டுக் காத்திருப்பவர் எதிர்பார்க்கும் விருந்தாளிக்கு நடக்கவே தெரியாது. சிறுவிதை மரங்கள் வரும். காட்டின் முகட்டை எட்டும் பெருமரங்கள் வருவதற்கு மனித ஆயுள் போதாது.

அடுத்து ஒளி. முற்றிய பைனஸ் நிழலின் கீழே நட்ட கன்று சாவதில்லை, வளர்வதுமில்லை. நிழலே இல்லாத வெட்டவெளியில் வெயிலும் கெக்கில்லவும் அதனைக் கொல்லும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தேடுவதற்காகவே நிரல்களை வெட்டிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஒரு நிரல், ஓரிடத்தில் அடுத்தடுத்த மூன்று நிரல்கள், ஓரிடத்தில் எதையும் வெட்டாமல். எல்லாவற்றிலும் ஐந்து காட்டு மரங்களின் கன்றுகள் நடப்பட்டன: ஷோரியா இனங்கள் மூன்று, ஹொர, நாகமரம். மூன்று நிரல் அகற்றிய திறப்பில்தான் கன்றுகள் மிகுதியாக வளர்ந்தன. முடிவுகள் 1997இல் வெளியாயின.

அந்தத் திறப்பைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வாதம் விளங்கும். இருபுறமும் பைனஸ் சுவராக நிற்க, நடுவே நீளமான ஒளிப்பாதை. காலையிலும் மாலையிலும் சுவர்கள் நிழல் தர, உச்சிப்பொழுதில் மட்டும் வெயில் நேராக இறங்கும். தரையில் ஊசியிலை மெத்தை. அதனைக் காலால் விலக்கினால் கீழே மண் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் ஹொரக் கன்று வேர் பிடிக்கிறது. அதே ஒளியை நம்பிக் கெக்கில்லவும் ஓரங்களிலிருந்து நகர்ந்து வரும். அதனை வெட்டுவதற்கு ஆள் வேண்டும். ஒரு நாளைக்கல்ல, கன்று அதன் தலைக்குமேல் எழும்வரை. வெட்டுக்கத்தியின் இந்த வேலை ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியில் வரும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது முழுநாட் சம்பளத்துக்குரிய வேலை.

சிங்கராஜவின் விளிம்புக் கிராமங்கள் கித்துள் சீவிப் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சுகின்றன. பிரம்பும் ஏலமும் மரமஞ்சளும் எடுக்கின்றன. பெராலியக் கொட்டையை இடித்து மாவாக்குகின்றன. ஆய்வாளர்கள் முகட்டு மரங்களோடு நிற்காமல், கித்துள், பிரம்பு, ஏலம், மரமஞ்சள் போன்றவற்றையும் அந்த நிழலில் வளர்ப்பது பற்றி ஆராய்ந்தார்கள். பெருமரம் முதிர அரை நூற்றாண்டு செல்லும். ஏலமும் கித்துளும் அதற்கு வெகுமுன்பே பயன் தரும். நடுவில் வருமானம் உண்டென்றால் பராமரிக்கிறவர் நடுவில் விட்டுப் போகமாட்டார். மரநடுகைக் கட்சியார் கன்றைக் கணக்கிட்டு, இந்த இடைக்கால வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள்.

சகபாடிகளிடமிருந்து மூன்று மறுப்புகள் வந்துள்ளன. குடாவை காட்டை ஒட்டிய இடம், அங்கே பலித்தது இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ பலிக்காது என்பது முதலாவது. குடாவையிலும் கன்றுகள் நடப்பட்டே வந்தன. காட்டின் அண்மை விதையைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. தூரம் கூடினால் கன்று வளர்க்கும் தவறணை கூடுதலாக வேண்டும், அவ்வளவே. பழைய தேயிலை மண் மேல்மண் இழந்தது, பைனஸ் நிலத்தைவிட மோசமானது என்பது இரண்டாவது. அது உண்மை, அதனாலேயே, பைனஸைப் போல் கன்றுக்கு நிழல் தந்து காக்கும் தாதிமரத்தின் தேவை அங்கே கூடும். வேலி போடுவதற்கு அது வாதமாகாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. குடாவை திணைக்களத்தின் நிலம், ஆய்வாளர் கட்டுப்பாட்டில் இருந்தது. தோட்டமோ கம்பனிக் குத்தகை. இதற்கு விடை இறப்பரில் இருக்கிறது. கேகாலை நாட்டின் முதன்மையான இறப்பர் மாவட்டம். இறப்பர் நிரலாக நடப்படுவது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பால்வெட்டு முடிந்து மரம் விறகுக்குப் போவது. தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்பில் எரிவதும் பெரும்பாலும் அதுதான். முழு மலையையும் ஒரே மூச்சில் வெட்டி மழையில் திறந்து விடுவதற்குப் பதிலாக, செங்குத்தான சரிவிலும் ஓடைக்கரையிலும் மூன்று நிரலுக்கு மூன்று நிரலாக எடுத்தால், விற்கும் மரத்தையே தாதியாக்கலாம். இதற்குப் புதிய அறிவு வேண்டாம். நிரல் பிடிப்பது, கான் வெட்டுவது, கானில் இடைவிட்டு வண்டற்குழி எடுப்பது, தவறணையில் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்குவது எல்லாம் தோட்டத்தில் அன்றாட வேலைகள். ஆய்வாளர் வரைபடத்தில் வகுத்ததைக் கையில் வைத்திருக்கும் சமூகம் லயத்தில் இருக்கிறது. அதனை மதிப்புள்ள அறிவாகத் திட்ட அறிக்கைகள் எழுதுவது அரிது.

4. லயமும் உரிமையும்

கை இருந்தும் மனம் வராததற்குக் காரணம் காணி. தோட்டத் தொழிலாளர் நட்டு வளர்க்கும் மரம் அவருடையதன்று. வீடமைப்புத் திட்டங்களில் பெரும்பாலும் கிடைத்துவந்த 7 பேர்ச் காணியில் வீடும் கழிவறையும் போக ஒரு பலாவுக்கே இடமிராது. அத்திட்டங்களும் நுவரெலியாவை நோக்கிய அளவு சப்ரகமுவவை நோக்கியதில்லை.

லயத்தார் தாமாகக் காக்கும் இடங்களும் உண்டு. குளிக்கவும் குடிக்கவும் நீர் வரும் பீலியின் மேற்புறம் ஒன்று. முனியாண்டி கோயிலைச் சூழ்ந்த மரங்கள் மற்றொன்று. பீலிக்கு மேலே விறகு வெட்டுவதை லயத்தாரே தடுப்பார்கள். பயன் கண்ணெதிரே இருக்கும் இடத்தில் காவல் தேவைப்படுவதில்லை.

காட்டை மீட்கும் கேள்வியை மண்சரிவு அவசரமாக்கியிருக்கிறது. 2016 மே 17 அன்று அரநாயக்கவின் சாமசரகந்த சரிந்ததில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாட்களின் மழையில் புளத்கொஹுபிட்டிய, களுபஹனவிலும் தோட்டக் குடும்பங்கள் புதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து வரைபடங்களைத் தயாரித்துள்ளது. வரைபடத்தில் சிவந்திருக்கும் சரிவுகளே நிழல் திறப்புக்கும் பராமரிப்புக்கும் முதலில் எடுக்கப்பட வேண்டியவை.

5. முள்ளுத்தேங்காய்

லயத்தாரை விட்டுவிட்டு நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. கேகாலைத் தோட்டங்கள் சிலவற்றில் இறப்பரை அகற்றி எண்ணெய்ப்பனையான முள்ளுத்தேங்காய் நட்டபோது, கிணறு வற்றுகிறது என்று அயற்கிராமங்கள் கிளர்ந்தன. 2021 ஏப்ரலில் அரசு அதன் செய்கையைத் தடை செய்தது. கிராமத்தார் கேட்டதில் நியாயம் இருந்தது. இறப்பர்ப் பால்வெட்டை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களை எதிர்ப்புக் கூட்டங்களுக்கு அழைத்தவர்கள் மிகச் சிலரே.

6. நகரம்

1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செலவழிக்கத் தடையாக இருந்தது; அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை குப்பை உழவு இயந்திரம் தோட்ட எல்லையில் திரும்பிவிட, லயத்துக் குப்பை கானுக்குப் போயிற்று. கானிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து நகரத்துக்கு. இரத்தினபுரியில் இதனோடு இரத்தினக்கல் குழிகளும் சேர்கின்றன. மூடாமல் விட்ட குழி நுளம்புக்கு வீடு, கரைக்குக் கேடு. குழி மூடும் நிபந்தனை அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. நகரச் சுற்றாடற் கழகங்கள் கவனிக்க வேண்டிய இடம் பூங்காவைவிட இதுவே.

7. இனிச் செய்யத்தக்கவை

நேரம் கருதிச் சிலவற்றைத் தொட்டுக் காட்டலாம். பீலிகளின் மேற்புறக் காடுகளைத் தோட்டந்தோறும் வரைபடமாக்க வேண்டும்; பல்கலைக்கழக மாணவர் ஆய்வுக்கு ஏற்ற பொருள். முதிர்ந்த இறப்பரில் மூன்று நிரல் திறப்பைச் சோதிக்க ஒரு கம்பனியாவது ஒரு மலையைத் தரவேண்டும். ஓடைக்கரையில் வளர்க்கும் கித்துளிலும் ஏலத்திலும் வளர்த்தவருக்குப் பங்கு தரும் ஒப்பந்தமொன்றைச் சட்டத்துறையினர் வரையலாம். 2022இன் எரிவாயுத் தட்டுப்பாட்டில் லயங்களின் விறகுத் தேவை எவ்வளவு கூடியது, அது எந்த மரங்களில் விழுந்தது என்பதும் பதியப்பட வேண்டும். ஜூன் 5இல் நடும் கன்றுகளை அடுத்த ஜூனில் எண்ணி அறிவிப்பதைச் சபைகள் வழக்கமாக்கலாம். ஹொர, பெராலிய பூக்கும் ஆண்டுகளில் விதை திரட்டித் தோட்டத் தவறணைகளுக்குச் சில நாட்களுக்குள் சேர்ப்பிக்க வனத் திணைக்களமும் தோட்ட நிருவாகங்களும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.