வக்கீல் என்றால் ஒப்படைக்கப்பட்டவர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

 

சற்று முன்னர் நம் பொருளாளர் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார். மின்கட்டணம், பாய் வாங்கிய செலவு, மய்யித்து வாகனப் பழுது என ஒவ்வொன்றாக அவர் வாசிக்கையில் சிலர் கடிகாரத்தைப் பார்த்ததை நானும் கவனித்தேன். ஆனால் இக்கூட்டத்தின் உயிர்நாடியே அந்தக் கணக்குதான். அதன் பெயர் அமானத். அதனைப் பற்றியே பேச விரும்புகிறேன். ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையை முன்வைத்துப் பேச விரும்புகிறேன்.

நம் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. இராஜபாளையத்து மக்களுக்கு அந்த நீதிமன்றத்தின் படிக்கட்டுகள் பழக்கமானவை. அந்த வராந்தாவில் நின்றால் நாள் முழுதும் காதில் விழும் சொற்களை எண்ணிப் பாருங்கள். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், தாவா, நகல், பாக்கி, முன்சீப். இவை அனைத்தும் அரபு மொழியில் பிறந்து, பாரசீக வழியாக நம் மண்ணுக்கு வந்த சொற்கள். மதரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளிலும் இவையே இருந்தன. முன்சீப் என்றால் நீதி செய்பவர். வக்கீல் என்றால் காரியம் ஒப்படைக்கப்பட்டவர். வழக்கறிஞர் தொழில் புரிவதற்கான உரிமைப் பத்திரத்தைச் சன்னது என்கிறோம். ஓதி முடித்த ஆலிமுக்கு வழங்கப்படுவதும் ஸனதுதான். சாய்ந்து கொள்ளத்தக்க ஆதாரம் என்பது அதன் பொருள். இவரை நம்பிச் சாயலாம் என்று உலகுக்கு எழுதிக் கொடுக்கும் சாட்சியம் அது.

அத்தகைய சன்னதைப் பெற்று, பிறருக்காக அதனை இழந்து, மீண்டும் பெற்ற ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அவர்தாம் வ.உ.சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழர் என்று அவரை அறிவோம். செக்கிழுத்த செம்மல் என்றும் அறிவோம். வக்கீல் சிதம்பரனாரை அவ்வளவாக அறியோம்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் அவர் பிறந்தார். அன்று நம் திருவில்லிபுத்தூர் வட்டமும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் நாம் பிரிந்தோம். ஆகவே அவர் நம் பழைய மாவட்டத்தின் மகன். தந்தை உலகநாதரும் வழக்கறிஞர். மகன் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1894இல் தேர்வு எழுதி, மறு ஆண்டு சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்.

தந்தையிடம் வசதி படைத்தோர் வந்தனர். மகனிடம் கட்டணம் கொடுக்க இயலாத ஏழைகள் வந்தனர். காவல் துறையினர் தொடுத்த வழக்குகளில் எளியோர் பக்கம் நின்று அவர் வாதாடியதால் போலீசாரின் பகை வளர்ந்தது. மகனின் நலம் கருதிய தந்தை 1900ஆம் ஆண்டு அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார். பகை அங்கும் குறையவில்லை, பணியும் குறையவில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கான பங்குகளை, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற ஒரே வணிகர் வாங்கினார். அன்றைய இரண்டு லட்சம்! மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இச்செய்தியைச் சொல்லி, நம் சமுதாயத்தார் நாட்டுக்கு அள்ளிக் கொடுத்தனர் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். பெருமைக்குரியதே. ஆயினும் நான் வேறொன்றையும் பார்க்கிறேன். ஒரு முஸ்லிம் வணிகர் தம் ஹலாலான பொருளைப் பிற சமயத்தைச் சார்ந்த ஒரு வழக்கறிஞரின் முயற்சியில் ஒப்படைக்கிறார் என்றால், அந்த வழக்கறிஞர் ஊரில் எத்தகைய பெயர் எடுத்திருக்க வேண்டும்! ஓட்டப்பிடாரத்து ஏழைகளின் வழக்குகளில் அவர் சேர்த்து வைத்திருந்த செல்வம் அந்த நம்பிக்கைதான்.

1907இல் கம்பெனிக்குச் சொந்தமாகக் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனார் அவர்களுடன் நின்றார். மார்ச் 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தார். அப்போது அவருக்கு வயது 35. மேல்முறையீடுகளில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பர் 24ஆம் நாள் அவர் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது.

வழக்கறிஞருக்குச் சன்னது போய்விட்டால் உழவனுக்கு நிலம் போனது போல. சென்னையில் குடியேறிச் சிறு வணிகம் செய்தார், தேறவில்லை. மனைவி மக்களோடு வறுமையில் வாடினார். அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் சிதம்பரனாரின் துன்பத்தை அறிந்து பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தனர். 1915இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். பிறகு கடிதப் போக்குவரத்து நடந்தது. எவ்வளவு தொகை, யார் யார் கொடுத்தார்கள் என்ற விவரம் காந்தியடிகளின் கையில் இல்லை. கடல் கடந்து எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. கடிதங்கள் போயின, வந்தன. இறுதியில் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனாரிடம் சேர்ந்தபோது ஏறத்தாழ ஓராண்டு கடந்திருந்தது. காந்தியடிகளின் நாணயத்தை ஐயுறுவார் எவருமில்லை. ஆயினும் விவரம் கைவசம் இல்லாத காரணத்தால், அரிசிக்கு வழியில்லாத ஒரு வீடு ஓராண்டு காத்திருந்தது. நல்லெண்ணம் மட்டும் அமானத்தைக் காப்பாற்றிவிடாது. அதற்கு எழுத்தும் வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைக்குமாறு கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். தொழுகையையும் நோன்பையும் பற்றிய வசனங்கள் அதனினும் சிறியவை. மனிதரின் மறதியை அறிந்த இறைவன் அவ்வளவு விரிவாக நமக்குச் சொல்லியிருக்கிறான்.

இதனை மற்றவர்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்றால், இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மூதாட்டி தம் கஃபன் செலவுக்கென்று சிறுகச் சிறுகப் பணம் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து வைத்தார். நினைவிருக்கிறதே என்ற துணிவில் நான் எதிலும் குறிக்கவில்லை. அவர் மவ்த்தான அன்று தொகையை எடுத்து அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கொண்டார்கள். ஆனால் அம்மா இன்னும் கூடுதலாகச் சொன்னார்களே என்ற ஐயம் அவர்கள் கண்ணில் ஓடியது. நான் ஒரு பைசாவும் எடுக்கவில்லை. அதை அல்லாஹ் அறிவான். ஆனால் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

சிதம்பரனாரிடம் மீண்டும் வருவோம். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் அவருக்குச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். ஆங்கிலேய ஆட்சி அவரைச் செக்கில் பூட்டியது. ஆங்கிலேயர் ஒருவர் அவருக்கு நியாயம் செய்தார். ஆட்சியின் மீதிருந்த கோபத்தால் அந்த மனிதரின் நன்மையை அவர் மறைக்கவில்லை. ஒரு கூட்டத்தார் மீது நாம் கொண்ட வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் போதனை. அதனைச் செயலில் கண்டவர் ஒருவர் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்து கொண்டிருந்தார்.

கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் அவர் தொழில் புரிந்தார். பொருள் சேரவில்லை. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார். இறுதிக் காலத்தில் அவர் எழுதிய உயில்தான், சகோதரர்களே, இன்று நான் இந்த உரையைத் தேர்ந்தெடுக்கக் காரணம். லட்சக்கணக்கான ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கியவர், துணிக்கடைக்கு இவ்வளவு பாக்கி, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு பாக்கி, வீட்டு வாடகை இவ்வளவு பாக்கி என்று அதில் பட்டியலிட்டிருக்கிறார். நாட்டுக்காக நான் இழந்ததற்கு நாடுதான் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. எண்ணெய்க் கடைக்காரரின் உரிமை எண்ணெய்க் கடைக்காரருக்கே என்று எழுதினார்.

ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் உண்டா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவிய வரலாற்றை நாம் அறிவோம். மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லத் துணிந்த ஊராரின் அமானத்துகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றதையும் அறிவோம். மய்யித்தின் சொத்தில் அடக்கச் செலவு போக, முதலில் கடன். பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். அதன் பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. இந்த வரிசையை ஜும்ஆவில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் எத்தனை பேர் கடன் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம்?

எழுதாததன் விளைவைத் திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வராந்தாவில் காணலாம். ஒரே வாப்பாவின் பிள்ளைகள், ஒரே பேருந்தில் ஏறி, எதிரெதிர் வக்கீல்களிடம் போகிறார்கள். வீட்டுப் பத்திரத்தின் மேல் வாப்பா யாரிடம் எவ்வளவு வாங்கினார், அக்காவுக்குரிய பங்கு கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதே வழக்கு. வாப்பா ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் பெருநாளன்று ஒருவரையொருவர் தழுவியிருப்பார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, இன்றிரவு வீடு சென்றதும் ஒரு நோட்டை எடுங்கள். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, பிறர் உங்களிடம் வைத்திருப்பது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பாக்கியையும் எழுதுங்கள். அதுவும் கடனே. எழுதியதை வீட்டில் ஒருவருக்குக் காட்டி வையுங்கள்.

இரண்டாவது, பாகப்பிரிவினையில் பிணக்கு வந்தால் நீதிமன்றம் செல்லும் முன் ஜமாஅத்தின் பெரியோர்களிடம் ஒருமுறை வந்து அமருங்கள். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. சமாதானம் பேச எங்களால் முடியும். அவ்வாறு அமரும்போது பெண்களின் பங்கைக் குறைத்துப் பேசி முடிக்க எவரும் எங்களை அழைக்க வேண்டாம். அல்லாஹ் வகுத்த பங்கைக் குறைக்கும் உரிமை ஜமாஅத்துக்கும் இல்லை, இமாமுக்கும் இல்லை.

மூன்றாவது, பிள்ளைகளைச் சட்டம் படிக்க வையுங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் படிக்க வையுங்கள். பொய்யைத் தொழிலாகக் கொண்டவர் என்று வக்கீலைக் கேலி பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருள் ஒப்படைக்கப்பட்டவர் என்பது. ஏழையின் வழக்கு, விதவையின் வீடு, வக்ஃபு நிலத்தின் பத்திரம் ஆகியவற்றை நம்பி ஒப்படைக்க நம் பிள்ளைகளிலும் சிலர் வேண்டும். சிதம்பரனாரைப் போல, எண்ணெய்க் கடைப் பாக்கியை மறவாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

நம் பொருளாளர் வாசித்த கணக்கின் நகல் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவிருக்கிறது. தொழுதுவிட்டுப் போகும்போது நின்று படியுங்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது எங்கள் கடமை.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் சேர்க்காமல் எங்களை மவ்த்தாக்கி விடாதே. எங்கள் பிள்ளைகளை எங்கள் கடனுக்காகச் சண்டையிடும் நிலையில் விட்டுச் செல்ல வைக்காதே. ஆமீன்.

வஸ்ஸலாம்.