சினைப்பைப் புற்றும் இருவகை அறுவையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவரல்லேம், தமிழ் கற்பிக்கும் ஆசிரியராவேம். ஆயினும், நாணத்தால் மறைக்கப்பட்டு முற்றிவிடும் நோயொன்றைப்பற்றி இவ்வவையிற் பேசுதல் கடனெனக் கருதி, கற்றனவும் கேட்டனவும் கூறப் புகுந்தேம்.

1809-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுக் கென்டக்கி மாகாணத்து டான்வில் என்னும் ஊரில், எஃப்ரெயிம் மக்டவல் என்னும் மருத்துவர், ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் மாதின் வயிற்றைத் திறந்து, 22 ராத்தலுக்கு மேற்பட்ட சினைப்பைக் கட்டியை எடுத்தனர். மயக்க மருந்து வழக்கில் வாராத காலம் அது. அம்மாது அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர்.

நிற்க. இக்காலத்து அறுவை இருவகைப்படும். வயிற்றை நெடுகக் கீறித் திறந்து செய்வது ஒன்று. சிறு துளைகள் சிலவிட்டு, கரியமிலவாயுவால் வயிற்றை விரித்து, காமிராவின் துணையாற் செய்வது மற்றொன்று. இதனை லேப்ராஸ்கோப்பி என்பர். பின்னதில் குருதியிழப்பும் நோவும் குறைவு. வீடு திரும்புதலும் விரைவு. மணமாகாத பெண்ணாயின், தழும்பு தெரியாதென்னும் எண்ணமும் பெற்றோரை அதன்பால் ஈர்க்கின்றது.

ஆனால், காயத்தின் சிறுமையினும் கட்டி உடையாது வெளிவருதலே பெரிது. புற்று சினைப்பையளவில் நிற்பதே முதல்நிலை. அறுவையின்போது கட்டி உடைந்து வயிற்றுட் சிந்துமாயின், 2014-ஆம் ஆண்டின் ஃபிகோ வகுப்பின்படி, 1ஏ என்றிருந்த நோய் 1சி1 என மாறும். தவிர்த்திருக்கக்கூடிய கீமோதெரபியும் வேண்டப்படலாம். ஆதலின், துளைவழி எடுப்போர் கட்டியைப் பையுளிட்டே எடுத்தல் வேண்டும். பெருங்கட்டிக்கு அஃது எளிதன்று. மேலும், நோய் பரவவில்லையென்று துணிதற்கு, வயிற்றைக் கழுவிய நீர், கொழுப்புத்திரை, உட்சவ்வு, நிணநீர்க் கணுக்கள் முதலியவற்றையும் ஆராய்தல் வேண்டும். எவ்வழியாயினும் இவை குறைவின்றி நடைபெறற்பாலன.

இவ்விரண்டனுள் உயிரை நெடிது காப்பது யாது? 2016-இல் காக்ரேன் ஆய்வாளர் தேடியபோது, முதல்நிலை நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி ஒப்பிட்ட சோதனை ஒன்றேனும் கிடைத்திலது. பழைய பதிவுகளை ஒப்பிட்டோர் பெரிய வேறுபாடு கண்டிலர். எனினும், சிறு கட்டியினரையே துளைவழிக்குத் தேர்ந்திருத்தல் கூடுமாகலின், அவற்றை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. கருப்பைவாய்ப் புற்றில், 631 மாதரை ஒப்பிட்டு 2018-இல் வெளியான சோதனை, நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தோர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 96.5, துளைவழியில் 86 எனக் காட்டிற்று. அந்நோய் வேறு, இந்நோய் வேறு. எனினும் சிறு காயமே நலமென்று முன்னரே துணிதல் தகாதென்பதற்கு அது சான்றாம்.

ஆகவே, அன்பர்களே! புற்றுநோய் அறுவையிற் பயின்ற மருத்துவரிடம் இவற்றைக் கேண்மின்: கட்டி உடையாது வருமா? பிறவிடங்களும் ஆராயப்படுமா? இடர் நேரின் வயிற்றைத் திறப்பீரா? மகப்பேற்றை விரும்பும் இளம்பெண்ணாயின், கருப்பையையும் மற்றைச் சினைப்பையையும் காத்தல் இயலுமா? முதல்நிலையிற் சிலர்க்கு இஃது இயலும்.

தாய்மார்களே! வயிற்று உப்புசம், சிறிதுண்டதும் நிறைதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் என்னுமிவை வாரக்கணக்கில் நீடிப்பின், வாயுவென்று வாளா இராதீர். பெண்ணின் தழும்பை எண்ணுமுன் அவள் ஆயுளை எண்ணுமாறு நம் சமூகத்தாரைப் பணிந்து வேண்டி அமைகின்றேம்.